கிலோமீட்டரை விடுங்க, வெளிச்சத்தை எண்ணுங்க! கோவா பைக் திருவிழாவுக்கு மலை வழி ரூட்டுகள்

நவம்பர் மாதம். சென்னையில விடாம மழை. ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சு. வாட்ஸ்அப் குரூப் பேரை 'கோவா' என்று மாத்தியாச்சு. அப்போதான் குரூப்பில் ஒருத்தர் அந்த வசனத்தைச் சொல்வார்: "தொள்ளாயிரம் கிலோமீட்டர்தானே மச்சி, நைட்டு கிளம்பினா மறுநாள் சாயங்காலம் பீச்சுல இருக்கலாம்!"

அந்த மெசேஜுக்கு லைக் போடுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க.

தமிழ்நாட்டிலிருந்து கோவாவுக்கு பைக்கில் போறவங்களுக்குக் கிடைச்சிருக்கிற அதிர்ஷ்டம், நடுவுல ஒரு மேற்குத் தொடர்ச்சி மலையே இருப்பதுதான். காபித் தோட்டம், மழைக்காடு, அருவி, கொண்டை ஊசி வளைவு, கடைசியில் கடல் என எல்லாமே ஒரே பயணத்தில் வந்துடும். ஆனா, இந்த மலைக்கு ஒரு கணக்கு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா, வாழ்நாள் முழுக்கப் பேசுற ரைடு. தெரியாமப் போனா, இருட்டுல, பனிமூட்டத்துல, தூக்கக் கலக்கத்துல முடியுற ரைடு.

அது என்ன திருவிழா?

வடக்கு கோவாவில் வாகடோர் என்ற கடற்கரைக் கிராமம். அங்கே ஹில்டாப் என்ற இடத்தில் ஒவ்வொரு நவம்பரும் ராயல் என்ஃபீல்டு ரைடர்கள் கூடுறாங்க. பல வருஷமா 'ரைடர் மேனியா' என்ற பெயரில் நடந்த இந்த விழா, 2023-ல் 'மோட்டோவெர்ஸ்' என்று பெயர் மாறியது. வெள்ளி, சனி, ஞாயிறு என மூணு நாள். 2023-ல் நவம்பர் 24 முதல் 26 வரை, 2024-ல் 22 முதல் 24 வரை, 2025-ல் 21 முதல் 23 வரை நடந்தது. மண் தடத்தில் ரேஸ், மாற்றி வடிவமைத்த பைக்குகளின் கண்காட்சி, ராத்திரி இசை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. தேதியும் டிக்கெட்டும் வருஷா வருஷம் மாறும் என்பதால், லீவு போடுறதுக்கு முன்னாடி ஒருமுறை உறுதி செஞ்சுக்கோங்க.

நமக்கும் இந்த வண்டிக்கும் இருக்கிற உறவு பழசு. 1955-ல் மெட்ராஸில்தான் 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்துதான் புல்லட் நாடு முழுக்கப் போனது. அதனால, சென்னையிலிருந்து கோவாவுக்கு ஒரு புல்லட் போறதில் கொஞ்சம் சொந்த ஊர்ப் பெருமையும் இருக்கு. ஆனா, கீழே வரும் ரூட்டுகளுக்குப் புல்லட்டுதான் வேணும்னு இல்லை. நல்லா சர்வீஸ் செஞ்ச 150 சிசி வண்டியே தாராளமாப் போதும்.

முதல்ல வெளிச்சக் கணக்கு

நவம்பர் கடைசியில் இந்தப் பகுதி முழுக்கச் சூரியன் காலை ஆறரை மணிக்குப் பக்கத்தில்தான் உதிக்கும். மாலை ஆறு மணிவாக்கில் மறைஞ்சுடும். அதாவது, உங்க கையில இருப்பது பதினொன்றரை மணி நேர வெளிச்சம். மலைக்குப் பின்னாடி இருக்கும் பள்ளத்தாக்குகளில் அதுக்கும் முன்னாடியே இருட்டிடும்.

இப்போ கணக்குப் போடுவோம். காலை 7 மணிக்குக் கிளம்புறீங்க. மாலை 5 மணிக்கு வண்டியை லாட்ஜ் வாசலில் நிறுத்திடணும்னு வெச்சுக்கோங்க. பத்து மணி நேரம். அதில் டிபன், சாப்பாடு, காபி, பெட்ரோல், போட்டோ, இடுப்பை நிமிர்த்திக்க நிற்பது எனக் குறைஞ்சது மூணு மணி நேரம் போயிடும். மீதி ஏழு மணி நேரம்தான் நிஜமா வண்டி ஓடும் நேரம்.

நாலுவழிச் சாலையில் சராசரி மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால், ஏழு மணி நேரத்தில் 420 கிலோமீட்டர். மலைப்பாதையில் சராசரி 30-ஐத் தாண்டாது. அங்கே அதே ஏழு மணி நேரத்தில் 210 கிலோமீட்டர்தான். மேப் காட்டுற நேரம் கார்களை வெச்சுப் போட்ட கணக்கு. அதில் உங்க டீ நேரம் இருக்காது, பின்னாடி உட்கார்ந்திருக்கிற நண்பரோட முதுகுவலியும் இருக்காது.

அதனால விதி ரொம்ப எளிது. மலையில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், அதுக்கு மேல வேணாம். "எவ்ளோ தூரம்?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுட்டு, "இருட்டுறதுக்குள்ள எங்க இருப்போம்?" என்று கேட்கப் பழகுங்க. கீழே இருக்கும் மூணு ரூட்டுகளையும் இந்தக் கேள்வியை வெச்சுத்தான் பிரிச்சிருக்கோம்.

ரூட் 1: திம்பம் - சிக்மகளூர் - ஆகும்பே - கடற்கரை (4 நாள்)

கோவை, திருப்பூர், ஈரோடு, மதுரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதுதான் ராஜபாட்டை. சென்னைக்காரர்கள் பெங்களூரு வழியா ஹாசன் வந்து, இரண்டாம் நாளில் இதே ரூட்டில் சேர்ந்துக்கலாம்.

*முதல் நாள்: கோவை - சத்தியமங்கலம் - திம்பம் - மைசூர் (சுமார் 200 கி.மீ)*

சத்தியமங்கலம் வரை சமவெளி. பண்ணாரி அம்மன் கோயில் தாண்டினதும் காடு ஆரம்பம். அங்கிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ரோட்டில் கரும்பு லாரியும் சரக்கு லாரியும் ஏறும். ஒரு லாரி வளைவில் திணறி நின்னா, பின்னாடி மொத்த மலையும் நிற்கும். அந்த நேரத்தையும் உங்க கணக்கில் சேர்த்துக்கோங்க.

இது 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. இரவில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் சாவது தொடர்ந்ததால், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2022 பிப்ரவரியிலிருந்து இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. சாயங்காலம் போய் செக்போஸ்ட்டில் கெஞ்சுற நிலைமை வேண்டாம். மதியத்துக்குள்ள திம்பம் ஏறி, ஆசனூர் தாண்டி, சாம்ராஜ்நகர் சமவெளியில் இறங்கிடுங்க.

ஊட்டி வழியா போக ஆசையா? கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட்டை வழியா மைசூர் போகலாம். அழகுக்குக் குறைவே இல்லை. ஆனா மூணு விஷயம் கவனிக்கணும். ஒன்று, 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கு. இரண்டு, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். 2009-லிருந்தே இந்தத் தடை இருக்கு. மூன்று, நவம்பர் என்பது நீலகிரியின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். மேட்டுப்பாளையம் பக்கம் மண் சரிவு என்று செய்தி வந்தா, பிடிவாதம் பிடிக்காம திம்பம் பக்கம் திரும்பிடுங்க. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. பையில் முழு லக்கேஜோடு அங்கே சாகசம் வேண்டாம்.

காட்டுக்குள்ள யானை ரோட்டில் நின்னா என்ன செய்யறது? தூரத்திலேயே நிறுத்துங்க. ஹாரன் கூடாது, ஹெட்லைட்டை அணைச்சு அணைச்சுப் போடக் கூடாது, போனைத் தூக்கிட்டுக் கிட்டப் போகவே கூடாது. வண்டியைத் திருப்புறதுக்கு இடம் விட்டு நின்னு, அது போற வரைக்கும் காத்திருங்க. பஸ்ஸோ லாரியோ வந்தா அதுக்குப் பின்னாடி போறது நல்லது. காப்பகச் சாலையில் காரணமில்லாம வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்தா அபராதமும் உண்டு.

*இரண்டாம் நாள்: மைசூர் - ஹாசன் - பேலூர் - சிக்மகளூர் (சுமார் 185 கி.மீ)*

பாதி நாள் சமவெளி, பாதி நாள் காபி வாசனை. பேலூரில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. இங்கே இருக்கும் சென்னகேசவர் கோயிலை ஹொய்சாள மன்னன் விஷ்ணுவர்தனன் கட்டினான். 1117-ல் பிரதிஷ்டை. தலக்காட்டில் சோழர்களை ஜெயிச்சதோட நினைவா எழுப்பியது என்று சொல்றாங்க. நம்ம ஆளுங்க தோத்த கதைதான்! ஆனா அந்தச் சிற்பங்களைப் பார்த்தா கோபமே வராது. 2023-ல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூணும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துச்சு.

சிக்மகளூருக்குச் சீக்கிரம் போயிட்டா, மாலைக்குள் முல்லையனகிரி பக்கம் ஒரு சுற்று. கர்நாடகாவோட உயரமான சிகரம் இது, சுமார் 1,930 மீட்டர். ரோடு குறுகல், எதிரே வரும் ஜீப்புகள் அதிகம். பக்கத்திலேயே பாபா புதன்கிரி மலை. யேமனிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை மறைச்சுக் கொண்டுவந்து பாபா புதன் என்ற ஞானி இங்கே விதைச்சதாக் கதை உண்டு. கும்பகோணம் டிகிரி காபி குடிச்சு வளர்ந்த நாம, இந்த மலைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

*மூன்றாம் நாள்: சிக்மகளூர் - சிருங்கேரி - ஆகும்பே - உடுப்பி (சுமார் 175 கி.மீ)*

மொத்தப் பயணத்திலும் இதுதான் உச்சம். சிருங்கேரி வரை 90 கிலோமீட்டர், பாக்குத் தோப்பும் காபியும் மாறி மாறி வரும். துங்கா நதிக்கரையில் கோயில் படித்துறையில் கொஞ்சம் உட்கார்ந்துட்டு, இன்னும் முப்பது கிலோமீட்டர் போனா ஆகும்பே.

வருஷத்துக்கு சுமார் 7,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. சென்னையில் பெய்யும் மழையைப் போல ஐந்து மடங்கு. நம்ம ஊரில் மழை கொட்டுற நவம்பரில், இங்கே தென்மேற்குப் பருவமழை முடிஞ்சு காடு பளபளன்னு பச்சையா நிற்கும். ராஜநாகத்துக்குப் பேர்போன இடம். சென்னை பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர்தான், 2005-ல் இங்கே மழைக்காடு ஆராய்ச்சி நிலையத்தையும் ஆரம்பிச்சார். ஆர்.கே.நாராயணின் 'மால்குடி டேஸ்' கதைகளை ஷங்கர் நாக் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, கற்பனை ஊரான மால்குடியா நடிச்சதும் இந்த ஆகும்பேதான்.

ஆகும்பேயிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் சோமேஸ்வராவுக்கு இறங்கும். அந்த ரோட்டோட மேல் முனையில் சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு மேடை இருக்கு. வானம் தெளிவா இருந்தா, தூரத்தில் அரபிக்கடலில் சூரியன் இறங்குறது தெரியும்.

இங்கேதான் வெளிச்சக் கணக்கு உங்களைச் சோதிக்கும். ஆறு மணிக்கு அந்தக் காட்சியைப் பார்த்துட்டுக் கீழே இறங்கினா, 14 வளைவும் இருட்டில். தொடர்ந்து காட்டு ரோடு. அதனால முன்கூட்டியே முடிவு செய்யுங்க. சூரியன் மறைவது வேணுமா? ராத்திரி ஆகும்பேயிலேயே தங்கிடுங்க. ஊர் பக்கத்திலேயே இருக்கு. உடுப்பியில் ரூம் போட்டாச்சா? அப்போ நாலு மணிக்கு முன்னாடி இறங்கிடுங்க. ரெண்டுக்கும் ஆசைப்படுறதுதான் ஆபத்து.

*நான்காம் நாள்: உடுப்பி - கார்வார் - வாகடோர் (சுமார் 340 கி.மீ)*

இன்னிக்குத் தேசிய நெடுஞ்சாலை 66. பெரும்பாலும் நாலுவழி, அதனால தூரம் அதிகமானாலும் கணக்கு சரியா வரும். குந்தாபுரா தாண்டினதும் மரவந்தே. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவுல நீங்க. பாதுகாப்பா ஓரம் கட்டிட்டு ஒரு போட்டோ எடுங்க. அடுத்து பட்கல், முருடேஷ்வர், ஹொன்னாவர், கும்டா.

அங்கோலாவுக்குப் பக்கத்தில் ஷிரூர் வரும். 2024 ஜூலை 16-ம் தேதி, பலத்த மழையில் இங்கே மலை அப்படியே சரிஞ்சு ரோட்டில் விழுந்துச்சு. ரோட்டோரம் டீக்கடை வெச்சிருந்த குடும்பம், வண்டியை நிறுத்தி டீ குடிச்சிட்டு இருந்த லாரி ஓட்டுநர்கள் எனப் பலர் இறந்தாங்க. அவர்களில் தமிழ்நாட்டு ஓட்டுநர்களும் உண்டு. லாரி கங்காவளி ஆற்றுக்குள் போயிடுச்சு. அடுத்த மாதமே, கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் இடிஞ்சு விழுந்தது. மலையும் மழையும் சேர்ந்த இடத்தில் ரோடு என்பது நிரந்தரம் இல்லை. வெட்டிய மலைச்சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்காதீங்க. எங்கே நிற்கிறோம் என்பதையும் பார்த்து நிற்கணும்.

கார்வார் தாண்டினா கோவா எல்லை. பனாஜி வழியா மாப்புசா, அங்கிருந்து வாகடோர். சாயங்காலம் கடல் காத்துல வண்டியை நிறுத்தும்போது, அந்தச் சேறு படிஞ்ச டயரைப் பார்த்தா உங்களுக்கே ஒரு கர்வம் வரும்.

ரூட் 2: ஜோக் அருவி - கேருசொப்பா (சென்னையிலிருந்து 4 நாள்)

சென்னைக்காரர்களுக்குப் பொருத்தமான ரூட். முதல் நாள் பெங்களூரு, 350 கிலோமீட்டர். இரண்டாம் நாள் தும்கூர், அரசிகெரே, பத்ராவதி வழியா சிவமொக்கா, சுமார் 300 கிலோமீட்டர். இந்த ரெண்டு நாளும் சமவெளிதான், வேகமா ஓடிடும்.

மூன்றாம் நாள்தான் விருந்து. சிவமொக்காவிலிருந்து சாகரா வழியா ஜோக், 100 கிலோமீட்டர். சராவதி ஆறு ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என நாலு அருவியா 253 மீட்டர் கீழே விழும் இடம். ஆற்றுக்கு மேல லிங்கனமக்கி அணை இருப்பதால், தண்ணீர் எவ்வளவு வரும் என்பது அணையையும் அந்த வருஷ மழையையும் பொறுத்தது. ஜூலை மாத யூடியூப் வீடியோவைப் பார்த்துட்டு நவம்பரில் அதே வெள்ளத்தை எதிர்பார்க்காதீங்க. மெல்லிய வெள்ளை நூல் மாதிரி தெரிஞ்சாலும் அந்தப் பாறையோட பிரமாண்டம் குறையாது.

ஜோக்கிலிருந்து ஹொன்னாவர் வரை சுமார் 60 கிலோமீட்டர். கேருசொப்பா மலைப்பாதை. சராவதிப் பள்ளத்தாக்கு ஓரமா, அடர்ந்த காட்டுக்குள்ள ரோடு நெளிஞ்சு நெளிஞ்சு இறங்கும். சிங்கவால் குரங்குகள் வாழும் காடு இது. குரங்கைப் பார்த்தா பிஸ்கட் போடாதீங்க. இன்னிக்கு நீங்க போடும் பிஸ்கட்டுக்காக ரோட்டுக்கு வந்து பழகும் குரங்கு, நாளைக்கு வேறொரு வண்டியில் அடிபடும்.

ஹொன்னாவரில் இரவு தங்கி, நாலாம் நாள் மேலே சொன்ன கடற்கரைச் சாலையில் கோவா. ஆகும்பே ரூட்டைவிட வளைவுகள் குறைவு. முதல்முறை மலையில் லாங் ரைடு போறவங்களுக்கு இதுதான் நல்ல பள்ளிக்கூடம்.

ரூட் 3: லீவு கம்மியா? சோர்லா இருக்கு (3 நாள்)

எல்லாருக்கும் நாலு நாள் லீவு கிடைக்காது. நெடுஞ்சாலை 48-ல் சென்னை, பெங்களூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி, பெலகாவி என இரண்டு நாளில் போயிடலாம். முதல் நாள் பெங்களூரு தாண்டித் தும்கூர் வரை போய்ப் படுத்தா, இரண்டாம் நாள் பெலகாவிக்கு சுமார் 430 கிலோமீட்டர். கணக்குக்குள்ள வந்துடும்.

மூன்றாம் நாள் காலை, பெலகாவியிலிருந்து ஜாம்போட்டி வழியா சோர்லா மலைப்பாதை. கர்நாடகா, மகாராஷ்டிரா, கோவா மூணும் தொட்டுக்கொள்ளும் இடம். காலைப் பனி விலகும்போது பள்ளத்தாக்கு திறக்கிற அழகுக்காகவே இந்த ரோட்டுக்குக் காலையில் வரணும். இறங்கினா சாங்க்வெலிம், மாப்புசா, வாகடோர். பனாஜி டிராஃபிக்கைத் தொடவே வேண்டியதில்லை. மொத்தமே 120 கிலோமீட்டர் அளவுதான், மதியச் சாப்பாட்டுக்குக் கோவா.

இன்னொரு வழி, ராம்நகர், அன்மோட் வழியா மொல்லம். தூத்சாகர் அருவி இருக்கும் காட்டுப் பகுதி. அருவியைப் பார்க்கணும்னா குலேமிலிருந்து தனியாப் போகணும், ரோட்டிலிருந்து தெரியாது. 2025 ஜூலை மழையில் அன்மோட் பாதையோட ஒரு பகுதி சரிஞ்சுது. அதனால, பெலகாவியில் லாட்ஜ்காரரிடமோ பெட்ரோல் பங்க்கிலோ "எந்த ரோடு இப்போ நல்லா இருக்கு?" என்று கேட்டுட்டு முடிவு செய்யுங்க. மேப்பைவிட அவங்களுக்குத் தெரியும்.

வளைவில் நினைவில் வெச்சுக்க ஏழு விஷயம்

1. வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைங்க. வளைவுக்குள்ள போய் திடீர்னு பிரேக் பிடிச்சா வண்டி நேரா போகத்தான் பார்க்கும்.

2. எந்த கியரில் ஏறுவீங்களோ, அதே கியரில் இறங்குங்க. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுறதும், எஞ்சினை அணைச்சு உருட்டுறதும் கூடவே கூடாது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா அது சூடாகி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமப் போயிடும்.

3. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்க. மலைப்பாதையில் ஏறுறவங்களுக்கே முன்னுரிமை. விதிப்படியே அப்படித்தான்.

4. கொண்டை ஊசியில் பஸ்ஸும் லாரியும் மொத்த ரோட்டையும் எடுத்துக்கும். அதோட பின்பக்கம் எந்தப் பக்கம் வீசும்னு தெரியாது. முன்னாடியே நின்னு, அது திரும்பினதும் போங்க.

5. உங்க பக்கத்து இடதிலேயே இருங்க. போட்டோவுக்காக நடு ரோட்டுக்குச் சாயுற வளைவில்தான் எதிரே ஜீப் வரும்.

6. ஈர இலை, பாசி, டீசல் கசிவு, ஓர ஜல்லி. நிழல் விழும் வளைவில் இந்த நாலில் ஒண்ணு கண்டிப்பா இருக்கும்.

7. கூட்டமா போனா, மலையில் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா இடைவெளி விட்டுப் போங்க. அனுபவசாலி ஒருத்தர் கடைசியில் வரணும். வேகம் குறைவா ஓட்டுறவரை ரெண்டாவது இடத்தில் விடுங்க. எல்லாரும் அவரோட வேகத்தில் போனா, யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

பையில் என்ன இருக்கணும்?

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சர்வீஸ் முடிச்சிடுங்க. முந்தின நாள் சர்வீஸ் விட்டா, ஏதாவது கோளாறு இருந்தா அது ஹைவேயில்தான் தெரியும். டயர், பிரேக் பேட், செயின் மூணையும் கண்ணால் பாருங்க. எக்ஸ்ட்ரா கிளட்ச் கேபிள், பஞ்சர் கிட், செயின் லூப், கொஞ்சம் டேப், கேபிள் டை போதும்.

தமிழ்நாட்டை விட்டுத் தாண்டும் வரை மழை இருக்கும். ரெயின் கோட்டைப் பையோட மேலேயே வையுங்க. டிஜிலாக்கரில் லைசென்ஸ், ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இருக்கட்டும், நகல் ஒன்று பிளாஸ்டிக் கவரில். காட்டுக்குள் சிக்னல் போகும். அதனால மேப்பை முன்னாடியே டவுன்லோடு செஞ்சுக்கோங்க. டேங்க் பாதி ஆனதும் நிரப்பிடுங்க, அடுத்த பங்க்கை நம்பாதீங்க.

பின்னாடி உட்கார்றவருக்கும் நல்ல ஹெல்மெட், கையுறை, ஷூ. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. இந்த மூணு எண்ணும் போனில் மட்டும் இல்லாம, சட்டைப் பையில் ஒரு சீட்டிலும் இருக்கட்டும். கூடவே உங்க ரத்த வகையும் வீட்டு எண்ணும்.

கோவா போய்ச் சேர்ந்ததும் ஒரு விஷயம். குடிச்சா வண்டியைத் தொடாதீங்க. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தாலே குற்றம், கோவாவிலும் அதே சட்டம்தான். வாகடோரில் நடந்து போற தூரத்தில் ரூம் எடுத்துட்டா இந்தத் தலைவலியே இல்லை.

திரும்பி வர்ற கணக்கு

போறப்போ எல்லாரும் பிளான் போடுறாங்க. திரும்பி வர்றதுக்கு யாரும் போடுறதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விழா முடியும். திங்கட்கிழமை ஆபீஸ். மூணு நாள் சரியாத் தூங்காத உடம்போட, "விடிய விடிய ஓட்டிடலாம்" என்று கிளம்புறது, போகும்போது இருந்த உற்சாகமும் இல்லாத இருட்டு ரைடு.

அதனால லீவு கேட்கும்போதே, விழாவுக்குப் பிறகு ரெண்டு நாள் சேர்த்துக் கேளுங்க. கிடைக்கலையா? விழாவில் ஒரு நாளைக் குறைச்சுக்கோங்க. சனிக்கிழமை ராத்திரி நல்லாத் தூங்கிட்டு, ஞாயிறு காலை கிளம்புறவர் எதையும் இழந்துடப் போறதில்லை. அதுவும் முடியலைன்னா, மட்கான் ரயில் நிலையத்தில் வண்டியைப் பார்சல் போட்டுட்டு நீங்க ரயில் ஏறிடலாம். ஆர்சி, அடையாள அட்டை நகல் வேணும். டேங்க்கில் பெட்ரோலைக் காலி செய்யச் சொல்வாங்க. கொஞ்சம் முன்னாடியே போய் விசாரிச்சு வையுங்க. ரயிலில் வந்தா ரைடர் இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

வீட்டில் அம்மா கேட்பாங்க, "எப்பப்பா வந்து சேருவ?" அதுக்கு மேப்பைப் பார்த்து மணி சொல்லாதீங்க. "இருட்டுறதுக்குள்ள ரூமுக்குப் போயிடுவேன், போனதும் கால் பண்றேன்மா" என்று சொல்லுங்க. நாலு நாளும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த கால் போகணும். அதுக்குத் தகுந்த மாதிரி உங்க ரூட்டைப் போடுங்க, மீதியை மலை பார்த்துக்கும்.